எத்தனை முறை சூடாகி ஆறியது?

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், காவிரிப் படுகையில் கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டு குத்தாலம், கோவில்களப்பாள் போன்ற இடங்களில் மின்சாரம் எடுப்பதைப் பற்றி எழுதும்போது, நீராவியோ சூடான வாயுவோ பாய்ந்து சுழற்றும் டர்பைனின் ஆயுளை ஓடிய மணிக்கணக்கை மட்டும் வைத்து அளக்கக் கூடாது, எத்தனை முறை சூடாகி ஆறியது என்பதையும் எண்ண வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. மின் நிலையங்களில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இது மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. ஆகவே இந்த இதழ் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

குத்தாலத்திலிருந்து ஒரு வாசகர்: ஓடாமல் நிற்கும் வண்டிக்குத் தேய்மானம் குறைவு. அப்படியிருக்க, நாள் முழுவதும் ஓடும் டர்பைனைவிட நின்று நின்று ஓடும் டர்பைன் சீக்கிரம் கெடும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒன்றோடொன்று உரசும் பாகங்களுக்கு உங்கள் உவமை பொருந்தும். ஆனால் டர்பைனின் ரோட்டாரும், அதாவது சுழலும் தண்டும், அதில் பொருத்திய பிளேடுகளும் நல்ல நிலையில் ஓடும்போது எதனோடும் உரசுவதில்லை. அவற்றை வருத்துவது, ஒரே உலோகத் துண்டின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் ஆறியும் இருக்கும் அந்தச் சில மணி நேரம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியை 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். நீள விட்டுவிட்டால் ஒரு தீங்கும் இல்லை. இரு முனைகளையும் அசையாதபடி இறுக்கிவிட்டாலோ, நீள முடியாத அந்த 1.2 மில்லிமீட்டர் முழுவதும் தகைவாக (உலோகத்துக்குள் ஏற்படும் விசையாக) மாறி, சதுர மில்லிமீட்டருக்கு 240 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 24 கிலோ எடை அளவுக்குக் கம்பியை நசுக்கும். நீராவி டர்பைனின் ரோட்டாரில் இதே காரியம் யாரும் இறுக்கிப் பிடிக்காமலேயே நடக்கிறது. அரை மீட்டர் விட்டமுள்ள ஆறிய தண்டின் மேல் சூடான நீராவி பட்டவுடன் மேற்பரப்பு விரியப் பார்க்கிறது. உள்ளிருக்கும் குளிர்ந்த உலோகம் அதை விரிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. மேற்பரப்பு நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் ஒருசேரத் தடுக்கப்படுவதால், அதே 100 டிகிரி வேறுபாட்டுக்குத் தகைவு 340 நியூட்டன் அளவுக்கு உயர்கிறது. பிளேடுகளைப் பொருத்துவதற்காகக் கடைந்த காடிகளின் மூலைகளிலும், விட்டம் மாறும் திருப்பங்களிலும் அது இரண்டு மடங்காகக் கூடும். ரோட்டார் எஃகு அறை வெப்பநிலையிலேயே 600 நியூட்டனை ஒட்டி வளைந்து கொடுக்கத் தொடங்கிவிடும். சூட்டில் அதன் வலிமை இன்னும் குறைவு. ஆகவே அந்தச் சிறு மூலையில் உலோகம் நிரந்தரமாகக் கொஞ்சம் நசுங்குகிறது. இயந்திரத்தை நிறுத்தி ஆற விடும்போது மேற்பரப்பு முந்திக்கொண்டு சுருங்கப் பார்க்க, உள்சூடு அதைத் தடுக்க, நசுங்கிய அதே இடம் இப்போது இழுபடுகிறது. கட்டுக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஸ்டார்ட்டும் அதைத் தொடரும் நிறுத்தமும் சேர்ந்து அப்படி ஒரு வளைப்பு.

மாதக்கணக்கில் ஒரே சுமையில் ஓடும் டர்பைனில் உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்துவிடுவதால் இந்த வளைப்பு இல்லை. வேறொரு தேய்மானம் உண்டு; அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எரிவாயு டர்பைனின் நிலை இன்னும் கடுமையானது. முதல் வரிசை பிளேடுகளை நோக்கி வரும் வாயு 1,100 டிகிரிக்கும் மேலான சூட்டில் இருக்கும். நிக்கல் உலோகக் கலவையில் வார்த்து, உள்ளே குளிர்காற்றுக்குத் துளைகள் விட்டு, மேலே பீங்கான் பூச்சுப் பூசித்தான் பிளேடுகளைக் காப்பாற்றுகிறார்கள். முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ரிப் ஆனால், அதாவது பாதுகாப்புக்காகத் திடீரென்று தானே நின்றுவிட்டால், தீ நொடிப்பொழுதில் அணைந்துவிடும். சுழன்றுகொண்டேயிருக்கும் கம்ப்ரெஸர் (காற்றை அழுத்தித் தரும் பகுதி) அனுப்பும் காற்று, செந்தணலாய் இருக்கும் பிளேடுகளின் மேல் பாயும். மெல்லிய விளிம்பு உடனே ஆற, தடித்த நடுப்பகுதி சூடாகவே நிற்கும். இப்படிப்பட்ட ஒரு ட்ரிப்பை எட்டு சாதாரண ஸ்டார்ட்டுக்குச் சமமாகக் கணக்கெழுதச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு.

மன்னார்குடியிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர்: இன்னும் எத்தனை ஸ்டார்ட் தாங்கும் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சூத்திரங்களைக் கொஞ்சம் விளக்க முடியுமா ஐயா?

முடியும் தம்பி. பாடப்புத்தகத்தில் வேலர் என்ற ஜெர்மானியரின் பெயரைப் படித்திருப்பீர்கள். ரயில் அச்சுகள் தாங்கக்கூடிய எடையைத்தான் தாங்கின, ஆனாலும் முறிந்தன. ஏன் என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் ஆராய்ந்ததிலிருந்து உலோகச் சோர்வு என்ற துறை தொடங்குகிறது. ரயில் அச்சு கோடிக்கணக்கான சிறு சுற்றுகளைத் தாங்கிச் சோர்வது. டர்பைன் ரோட்டாரோ சில ஆயிரம் பெரிய சுற்றுகளிலேயே சோர்வது. இந்த இரண்டாவது வகைக்கு வழிகாட்டியவர்கள் அமெரிக்காவின் காஃபினும் மேன்சனும்; 1950-களில் இருவரும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டார்கள். தகைவைப் பார்க்காதே, ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் நிரந்தரமாக எவ்வளவு திரிகிறது என்று பார் என்பதே அதன் சாரம். அந்தத் திரிபைப் பாதியாகக் குறைத்தால் தாங்கும் சுற்றுகள் இரண்டு மடங்கு அல்ல, மூன்று முதல் நான்கு மடங்கு வரை கூடும். ஸ்டார்ட்டை அரை மணி நேரம் கூடுதலாக எடுத்து நிதானமாகச் செய்வது ஏன் அவ்வளவு பெறுமதியுடையது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் உண்மையான நாளில் சுற்றுகள் ஒரே அளவாக வருவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்து பாதிச் சுமைக்கு ஏற்றி, ஏதோ காரணத்தால் கொஞ்சம் இறக்கி, மறுபடி ஏற்றி, இரவில் நிறுத்தினோம் என்றால், அதை எத்தனை சுற்று என்று எண்ணுவது? இதற்கு 1968-இல் ஜப்பானின் மட்சுயிஷியும் எண்டோவும் கொடுத்த வழிக்கு ரெயின்ஃப்ளோ என்று பெயர். அவர்கள் நினைத்தது பகோடாக் கோயிலின் அடுக்குக் கூரையை. எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது நம் ஊர் நாட்டு ஓட்டு வீடு. ஐப்பசி அடைமழையில் முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் தெரியும்: மேல்கூரையில் ஓடும் நீர் விளிம்பில் சொட்டி, கீழே இருக்கும் தாழ்வாரத்து ஓட்டில் விழுந்து, அதன் சரிவிலேயே தொடர்ந்து ஓடுகிறது. தகைவு வரைபடத்தை நட்டுக்குத்தலாகத் திருப்பி, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் ஒரு கூரைச் சரிவாக நினைத்து, அதில் நீரை விடுங்கள். நடுவில் ஏற்பட்ட சிறு இறக்கம் பெரிய ஓட்டத்தைத் துண்டிக்காது. சிறியது தனியாக ஒரு சிறு சுற்று, பெரியது முழுமையாக ஒரு பெரிய சுற்று என்று பிரிந்து வரும். இதை நடுத்தரச் சுற்று இரண்டு என்று எண்ணிவிட்டால், முன் சொன்ன மூன்று நான்கு மடங்குக் கணக்கின்படி, உண்மையான சேதம் பெரிதும் குறைவாகத் தெரியும். உலோகமே இப்படித்தான் எண்ணுகிறது என்பதுதான் அந்த முறையின் அழகு.

எண்ணியதைக் கூட்டுவதற்கு மைனர் விதி: ஒவ்வொரு வகையிலும் ஆன சுற்றுகளைத் தாங்கக்கூடிய சுற்றுகளால் வகுத்துக் கூட்ட வேண்டும்; தொகை 1 ஆனால் ஆயுள் முடிந்தது என்று கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில எண்களைக் கொள்வோம்: ஒரு ரோட்டார் குளிர்ந்த நிலை ஸ்டார்ட் 2,000 தாங்கும், வெதுவெதுப்பான நிலை ஸ்டார்ட் 5,000 தாங்கும், சூடான நிலை ஸ்டார்ட் 20,000 தாங்கும் என்று கணக்கில் வந்தது. இதுவரை முறையே 300, 1,000, 2,000 ஸ்டார்ட்டுகள் ஆகியிருக்கின்றன. 0.15, 0.20, 0.10 ஆகியவற்றைக் கூட்டினால் 0.45. ஆயுளில் ஏறக்குறையப் பாதி செலவாகிவிட்டது என்று பொருள்.

இதோடு முடியவில்லை. சூட்டில் நெடுங்காலம் சுமை தாங்கும் உலோகம், தகைவு குறைவாக இருந்தாலும், மெல்ல மெல்ல நீளும். இதை க்ரீப் என்கிறோம். முதல் பதிலில் நான் குறிப்பிட்ட வேறொரு தேய்மானம் இதுதான். இதற்கு 1952-இல் லார்சனும் மில்லரும் தந்த சூத்திரம் இன்றும் கையில் இருக்கிறது: கெல்வினில் வெப்பநிலையை, 20-உம் மணிக்கணக்கின் மடக்கையும் சேர்ந்த தொகையால் பெருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட தகைவில் 540 டிகிரியில், அதாவது 813 கெல்வினில், ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும் எஃகு என்றால், 813-ஐ 25-ஆல் பெருக்க 20,325 வருகிறது. அதே எஃகை 550 டிகிரியில் ஓட்டினால்? 20,325-ஐ 823-ஆல் வகுத்து, 20-ஐக் கழித்து, எதிர்மடக்கை பாருங்கள். 50,000 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். பத்தே டிகிரியில் ஆயுள் பாதியாகிவிட்டது! இதை நீங்களே ஒருமுறை கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். பிறகு வெப்பநிலைப் பதிவை அலட்சியமாகப் பார்க்க உங்களுக்கு மனம் வராது.

சோர்வுப் பங்கையும் க்ரீப் பங்கையும் கூட்டி 1 ஆகும்வரை காத்திருக்கலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஒன்று தோண்டிய குழியை மற்றது அகலமாக்கும் என்பதால், இரண்டும் கலந்து வரும் இடத்தில் கூட்டுத்தொகை 1-ஐ எட்டுவதற்கு வெகு முன்பே விரிசல் விழலாம்.

காரைக்காலிலிருந்து ஓர் ஆசிரியை: கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்குமானால், இயந்திரத்தைத் திறந்து சோதிக்கும் செலவு ஏன்? கணக்கு சொல்லும் நாளில் மாற்றிவிடலாமே?

கணக்கு ஒரு நாளைச் சொல்வதில்லை அம்மா. எப்போது திறந்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஒரே வார்ப்பிலிருந்து எடுத்த மாதிரித் துண்டுகளை ஒரே சோதனைச் சாலையில் ஒரே அளவுக்கு வளைத்தாலும், ஒன்று தாங்கிய சுற்றுகளைப் போல இரு மடங்கு இன்னொன்று தாங்குவது சாதாரணம். உருக்கி வார்க்கும்போது உள்ளே தங்கிய கசடு எங்கே இருக்கிறது என்பதைச் சூத்திரம் அறியாது.

இதற்கு வருந்தத்தக்க சாட்சி ஒன்று உண்டு. 1974-இல் அமெரிக்காவின் டென்னஸியில் உள்ள கேலட்டின் அனல் மின் நிலையத்தில், ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்த டர்பைன் ரோட்டார் ஒன்று, குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்து வேகம் ஏற்றிக்கொண்டிருந்தபோது வெடித்துச் சிதறியது. தண்டின் மையத் துளைக்கு அருகே கூட்டமாக இருந்த மாங்கனீஸ் சல்பைடு கசடுகளிலிருந்து, சோர்வும் க்ரீப்பும் சேர்ந்து விரிசல்களை வளர்த்திருந்தன. முழு வேகத்தைத் தொடும் முன்பே அது உடைந்தது என்பதைக் கவனியுங்கள்: ஆறிய எஃகு முறியக்கூடியதாக இருந்ததும், ஸ்டார்ட் நேரத்து வெப்பத் தகைவும் அந்த வேளையில் ஒன்றுகூடின. அதன் பிறகே பழைய ரோட்டார்களின் மையத் துளைக்குள் மீயொலிக் கருவியை விட்டுச் சோதிப்பதும், கண்ட குறையிலிருந்து விரிசல் எவ்வளவு காலத்தில் வளரும் என்று கணக்கிடுவதும் பரவலாயின.

ஓவர்ஹாலில், அதாவது இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்க்கும்போது, நான் மிகவும் விரும்பிச் செய்த வேலை ரெப்ளிகா எடுப்பது. ரோட்டாரின் சூடான பகுதியில் உள்ளங்கையில் பாதி அளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, படிப்படியாக நைசான தாளுக்கு மாறி, கடைசியில் வைரப் பசையால் முகம் தெரியும்படி பளபளப்பாக்குவோம். அமிலம் கலந்த சாராயத்தை நனைத்த பஞ்சால் ஒற்றினால் அந்தக் கண்ணாடி சில நொடிகளில் மங்கும். உலோகத்தின் மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைக் கோடுகள் அப்போதுதான் தெரியத் தொடங்கும். அசிட்டோனில் இளக்கிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன் மேல் அழுத்தி, காய்ந்ததும் உரித்தெடுத்தால், உலோகத்தின் முகம் அப்படியே தாளில் பதிந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்க்கும்போது எல்லைக் கோடுகளில் தனித்தனியே சில புள்ளிகள் தெரிந்தால் கவலையில்லை, அடுத்த ஓவர்ஹாலில் மறுபடி பார்க்கலாம். அதே புள்ளிகள் ஒரே திசையில் வரிசை கட்டியிருந்தால் தவணையைக் குறைக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகிவிட்டிருந்தால் ரோட்டாரை அப்படியே மூடுவதற்கு மனம் ஒப்பாது. கணக்கில் 0.45 என்று வந்ததை உறுதி செய்வதும் திருத்துவதும் இந்தச் சிறு தாள்தான். கொதிகலன்களுக்கு நம் நாட்டு விதிகளே இத்தகைய எஞ்சிய ஆயுள் சோதனையை ஒரு லட்சம் மணி நேரத்தை ஒட்டிக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில், சில ஆண்டுகளின் பதிவேடுகளில் ஸ்டார்ட் செய்த நேரம் மட்டும் இருந்தது. அப்போது கேசிங் எனப்படும் வெளிக்கூட்டின் உலோகம் எத்தனை டிகிரியில் இருந்தது என்பது இல்லை. அந்தப் பக்கங்களில் பலவற்றில் என் கையெழுத்தும் உண்டு. ஆயுள் கணக்குப் போட வந்தவர்கள் வேறு வழியில்லாமல் அந்த ஸ்டார்ட்டுகள் அனைத்தையும் குளிர்ந்த நிலை ஸ்டார்ட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். எட்டு மணி நேரம் நின்று எழுந்த இயந்திரத்துக்கும் மூன்று நாள் ஆறிக் கிடந்து எழுந்த இயந்திரத்துக்கும் கணக்கில் ஒரே சேதம் ஏறியது. தேவைக்கு வெகு முன்பே கேசிங்கைத் திறந்து, பல வாரங்கள் மின்சாரம் இழந்து பார்த்தோம். எண் ஒன்றை எழுதாமல் விட்டதன் விலை அது. இன்று அந்தப் பதிவைக் கணினி தானே எடுத்துக்கொள்கிறது. ஆனால் வெப்பமானி பழுதாகித் தவறான எண்ணைக் கொடுத்தால் கணினி அதையும் வணக்கத்தோடு சேமித்துவைக்கும் என்பதால், அதைச் சரிபார்க்கும் கடமை இன்னும் மனிதருடையதுதான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: கணினியே தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் முறைகள் இந்தக் கணிப்பை முற்றிலும் மாற்றிவிடும் என்று கருத்தரங்குகளில் கேட்கிறேன். உண்மையா?

பாதி உண்மை. எரிவாயு டர்பைனின் வெளியேற்று வாயிலைச் சுற்றி வரிசையாக வெப்பமானிகள் இருக்கும். அவற்றின் அளவுகளுக்கு இடையே வேறுபாடு கூடிக்கொண்டே போனால், ஒரு எரிபொருள் முனை அடைத்திருக்கலாம், எரிகலத்தின் உள்ளுறையில் விரிசல் இருக்கலாம். இப்படி மெல்ல மாறும் போக்கை மனிதக் கண்ணுக்கு முன்பே கண்டுபிடிப்பதில் அந்த முறைகள் சிறந்தவை. ரோட்டாரின் உள்சூட்டை நேரடியாக அளக்க முடியாததால், கேசிங்கில் பதித்த வெப்பமானிகளிலிருந்து அதை ஊகிப்பதிலும் அவை உதவும். ஆனால் ரோட்டார் எப்போது உடையும் என்பதைத் தரவிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ள, உடைந்த ரோட்டார்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். நல்லவேளையாக உலகில் அப்படி இல்லை. ஆகவே இயற்பியல் சமன்பாட்டைக் கைவிடாமல் அதனோடு தரவைச் சேர்க்கும் வழியில் ஆராயுங்கள். விடையை ஒற்றை எண்ணாகத் தராமல், இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்று நம்பிக்கை அளவோடு தரும் முறையைத் தேர்ந்தெடுங்கள். பராமரிப்பு மேலாளருக்குப் பயன்படுவது அதுவே.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகுவதால் அனல் மின் நிலையங்களைக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்களாமே? அதுவும் கேடுதானா?

நிறுத்துவதைவிடக் குறைத்து ஓட்டுவது எவ்வளவோ மேல். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி நிலக்கரி அலகுகள் 40 சதவீதச் சுமை வரை இறங்கி ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும். நீராவியின் அழுத்தத்தைக் குறைத்து வெப்பநிலையை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு இறங்கினால் ரோட்டாருக்கு வரும் சுற்று சிறியதாகவே இருக்கும். வெப்பநிலையும் சேர்ந்து சரிந்தால்தான், நாள்தோறும் ஒரு சுற்று கணக்கில் ஏறும். கொதிகலனின் தடித்த சுவருள்ள ஹெடர்களுக்கும் (பல குழாய்கள் வந்து சேரும் பெருங்குழாய்கள்) இதே கவனம் வேண்டும்.

சர்க்கரை ஆலையில் பணிபுரியும் ஒரு வாசகர்: எங்களுடையது சிறிய டர்பைன். பெரிய கணிப்பு முறைகளெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாங்கள் என்ன செய்வது?

அரவைப் பருவத்தில் கரும்பு வரத்து குறையும் போதெல்லாம் நின்று எழும் உங்கள் டர்பைனுக்குத்தான் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். மூன்று காரியங்களை மட்டும் விடாதீர்கள். நீராவிக் குழாய்களின் ட்ரெயின் (வடிகால்) வால்வுகளைத் திறந்து, நீர் முற்றிலும் வடிந்து உலர்ந்த நீராவி வரும்வரை பொறுங்கள். சூடான கேசிங்கில் பாயும் ஒரு வாளி நீர், பல ஸ்டார்ட்டுகளின் சேதத்தை ஒரே நிமிடத்தில் செய்துவிடும். நிறுத்திய பின் ரோட்டாரை மெல்லச் சுழற்றிக்கொண்டே ஆற விடுங்கள். அசையாமல் நின்றால் மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் ஆறியும் தண்டு வளையும். ஒவ்வொரு ஸ்டார்ட்டின் போதும் கேசிங் வெப்பநிலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இருந்தால், என்றைக்காவது ஓர் ஆயுள் கணக்குப் போட வேண்டி வந்தாலும் கையில் ஆதாரம் இருக்கும்.

கும்பகோணத்திலிருந்து, பாத்திரத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வாசகர்: பித்தளைத் தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகும், மேலும் தட்டினால் வெடிக்கும். நாங்கள் நடுநடுவே உலையில் காய்ச்சி இளக்கிக்கொள்வோம். டர்பைனையும் அப்படிக் காய்ச்சிப் புதிதாக்க முடியாதா?

வந்த கேள்விகளில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது உங்களுடையது. உங்கள் பித்தளை தட்டுவதால் இறுகுகிறது. ரோட்டார் எஃகோ சூட்டில் மாறி மாறித் திரியும்போது இறுகாமல் மெல்ல இளகுகிறது. ஆகவே உங்கள் உலை அங்கே எதிர்ப்பக்கம் வேலை செய்யும். மேலும், காய்ச்சுவதால் உள்ளிறுக்கம் தளருமே தவிர, விழுந்துவிட்ட விரிசல் மூடாது. வெடித்த பாத்திரத்தை உலையில் வைத்து ஒட்டவைக்க முடியாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் உங்கள் எண்ணம் வீண் அல்ல. எரிவாயு டர்பைனின் நிக்கல் பிளேடுகளை, விரிசல் விழும் முன்பே கழற்றி, பழைய பூச்சை நீக்கி, உயர்ந்த சூட்டில் காய்ச்சி, பிறகு குறைந்த சூட்டில் பல மணி நேரம் பக்குவப்படுத்தினால், வலிமை தரும் நுண்துகள்கள் கரைந்து மறுபடி சீராகப் படிகின்றன. புதுப் பூச்சுப் பூசி அவற்றை மீண்டும் பொருத்துவது உலகமெங்கும் நடக்கும் வேலை. ரோட்டாருக்கு வேறு வழி. சோர்வு பெரும்பாலும் காடியின் மேற்பரப்பிலேயே தங்குவதால், அந்தச் சோர்ந்த தோலை மட்டும் மெல்லக் கடைந்து எடுத்துவிட்டு, மூலைகளை முன்னைவிட வளைவாக்கி, காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை என்று உறுதி செய்து மூடுவார்கள். அன்றிலிருந்து அந்தக் காடியின் சோர்வுக் கணக்கு மட்டும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மையத் துளைக்கும் தண்டின் மற்ற பகுதிகளுக்கும் பழைய கணக்கே தொடரும்.